குருப்பட்டமும் தன்பாலீர்ப்பும்: தங்கச்சிமடத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்க மெதடிஸ்ட் சபை உடைந்தது, இங்கிலாந்துத் திருச்சபை ஒரேபாலினத் தம்பதிகளுக்கு ஆசீர்வாத ஜெபம் கொண்டுவந்தது, ஆப்பிரிக்கப் பேராயர்கள் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயரை இனி தலைமையாக ஏற்கமாட்டோம் என்றார்கள். இதெல்லாம் நம்ம சிஎஸ்ஐக்கும், அதாவது தென்னிந்தியத் திருச்சபைக்கும் வருமா, ஓரினச்சேர்க்கையாளர் ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் உங்கள் நிலைப்பாடு என்ன, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் என்கிறார்.

சரி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் என்ற சபையின் போதனையை நான் விடவில்லை. அதே சமயம், தன்பாலீர்ப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, ஒழுக்கமாக வாழும் ஒரு விசுவாசியைக் குருப்பட்டத்திலிருந்து தள்ளுவது தப்பு என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவனுக்கு இரண்டு பக்கமும் திட்டு விழும், விழட்டும். இதைவிட எனக்குப் பெரிதாகப் படும் கேள்வி வேறொன்று: சபை ஒரு விதியைப் போடும்போது அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது என்று பார்த்துத்தான் போடுகிறதா? இந்த ஒன்றைத்தான் கீழே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம், வாட்ஸ்அப்பில் வருவது பாதியும் அரைகுறை. சிஎஸ்ஐ 1947 செப்டம்பர் 27-இல் பல சபைகள் இணைந்து உருவான ஐக்கியச் சபை என்றாலும், இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து வளர்ந்த உலக ஆங்கிலிக்கன் குடும்பத்திலும் அது ஓர் உறுப்பு. அந்தக் குடும்பத்தின் பேராயர்கள் 1998-இல் லாம்பெத் மாநாட்டில் 526-க்கு 70 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: ஒரேபாலின உடலுறவு வேதத்துக்கு ஒவ்வாதது, அத்தகைய உறவுகளை ஆசீர்வதிப்பதையும் அதில் இருப்பவர்களுக்குக் குருப்பட்டம் தருவதையும் எங்களால் பரிந்துரைக்க முடியாது. இந்தப் பாதி எல்லாருக்கும் தெரியும். அதே தீர்மானத்தில், தன்பாலீர்ப்பு உள்ளவர்களின் அனுபவத்தைக் காதுகொடுத்துக் கேட்போம், ஞானஸ்நானம் பெற்று விசுவாசத்தில் நிற்கும் எவரும் அவர்களுடைய ஈர்ப்பு எதுவானாலும் கிறிஸ்துவின் சரீரத்தில் முழு அவயவங்களே என்றும் எழுதியிருக்கிறது. இந்தப் பாதியை எங்கள் பக்கத்துப் பிரசங்க மேடையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

2003-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஆண் துணையோடு வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் பேராயரானார், அங்கிருந்து விரிசல் பெரிதானது. 2008-இல் எருசலேமில் பழைய போதனையைக் காப்போம் என்று காஃப்கான் இயக்கம் கூடியது. 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவை ஒரேபாலினத் தம்பதிகளுக்கான ஆசீர்வாத ஜெபங்களுக்கு வழிவிட, ஏப்ரலில் கிகாலியில் கூடிய காஃப்கான் கேன்டர்பரி பேராயரின் தலைமையை நிராகரித்தது. மெதடிஸ்டுகள் கதை வேறு. அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் சட்டப் புத்தகத்தில் 1972-லிருந்தே ஓரினச்சேர்க்கைக்கு எதிரான வாக்கியம் இருந்தது. 2019-க்கும் 2023-க்கும் இடையில் பழைய போதனைக்காரர்களின் சபைகள் ஏழாயிரத்துக்கும் மேல் பிரிந்துபோன பிறகு, 2024 மே மாதம் சார்லட் நகரில் கூடிய பொதுப்பேரவை குருப்பட்டத் தடையை 692-க்கு 51 என்று நீக்கியது. கத்தோலிக்கச் சபை 2005-இல், ஆழமாக வேரூன்றிய தன்பாலீர்ப்பு உள்ளவர்களைக் குருமடத்தில் சேர்க்கக்கூடாது என்றது. 2023 டிசம்பர் 18-இல், திருமணச் சடங்கோடு குழப்பிக்கொள்ளாமல் ஒரேபாலினத் தம்பதிகளுக்கு ஆசீர் அளிக்கலாம் என்றது. அதை ஏற்க முடியாது என்று சில வாரத்திலேயே ஆப்பிரிக்க ஆயர்கள் சொல்லிவிட்டார்கள். ஆப்பிரிக்கர்களைப் பிற்போக்கு என்றும் ஆங்கிலேயர்களை விசுவாச துரோகிகள் என்றும் ஒரு வரியில் முடிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. இரண்டு பக்கமும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அழுகிறார்கள்.

இனி வேதம். லேவியராகமம் 18, ரோமர் 1, கொரிந்தியர் முதல் நிருபம் 6, இந்த இடங்களை யாராலும் அழித்துவிட முடியாது. மத்தேயு 19-இல் விவாகரத்து பற்றிக் கேட்டபோது இயேசு ஆதியாகமத்துக்குப் போய் ஆணும் பெண்ணுமாகப் படைத்ததிலிருந்து பேசுகிறார், எனக்கு அதுதான் கனமான வசனம். ஆனால் சோதோமை மட்டும் தயவுசெய்து இதற்குள் இழுக்காதீர்கள். அங்கே நடந்தது வந்த விருந்தாளிகள்மேல் ஊரே பாய்ந்த கொடுமை. சோதோமின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 நேராகவே சொல்கிறது: கெர்வம், ஆகாரத்திரட்சி, அப்புறம் ‘சிறுமையும் எளிமையுமானவனுடைய கையை அவள் பலப்படுத்தவில்லை’. ரோமர் முதல் அதிகாரத்தை முழங்கும் பிரசங்கியார் அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்துக்குப் போகாமல் இறங்கிவிடுகிறார். மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச்சொல்ல உனக்கு இடமில்லை என்று அங்கே பவுல் வாசகன் பக்கம் திரும்புகிறார்.

எனக்கு வழிகாட்டுவது அப்போஸ்தலர் 15. புறஜாதிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எருசலேமில் பெரிய வாக்குவாதம். பேதுரு எழுந்து, நம் பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியை இவர்கள் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்கிறார். கடைசியில் எழுதிய கடிதத்தில், வேசித்தனத்துக்கு விலகியிருங்கள் என்றும் இருக்கிறது. தாராளவாதிகள் பத்தாம் வசனத்தோடு நிறுத்துகிறார்கள், நம்மவர்கள் இருபத்தொன்பதாம் வசனத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். பேதுருவின் பேச்சும் அந்தக் கடிதமும் ஒரே கூட்டத்தில் வந்தவை. சுமையைக் குறைப்பதும் பரிசுத்தத்தைக் கேட்பதும் ஒரே மேசையில் முடிவானவை.

இதை நம்ம மண்ணில் வைத்துப் பார்க்க வேண்டுமானால் ஓரியூருக்குப் போகவேண்டும். தொண்டிப் பக்கம் போகிறவர்கள் பாதிப் பேர் அந்தச் செம்மண்ணைத் திருநீறுபோல எடுத்து வருவார்கள், அருளானந்தர் ரத்தம் சிந்திச் சிவந்த மண் என்ற நம்பிக்கை. அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ எதற்காக வெட்டப்பட்டார் என்று கேட்டால் விசுவாசத்துக்காக என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அதற்குப் பின்னால் இருந்தது ஒரு திருமணப் பிரச்சினை. மறவர் சீமையின் தடியத்தேவர் நோய் தீர்ந்து கிறிஸ்தவராக விரும்பினார். அவருக்குப் பல மனைவியர். ஒருத்தியோடு மட்டும் வாழ்ந்தால்தான் ஞானஸ்நானம் என்று பாதிரியார் உறுதியாக நின்றார். தடியத்தேவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரத்து மன்னர் கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவுக்காரப் பெண், அவள் போய் முறையிட்டாள். சில நாளில் பாதிரியார் கைது, ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஓரியூர், பிப்ரவரி 4-இல் தலை வெட்டப்பட்டது.

போதனையில் வளைந்துகொடுக்காமல் உயிரைக் கொடுத்தவர் என்று அவரை நான் மனதார வணங்குகிறேன், நான் சிஎஸ்ஐக்காரன் என்றாலும். ஆனால் அந்த விலக்கப்பட்ட பெண்களைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் பேச்சு வருவதில்லை. அவர்கள் செய்த குற்றம் என்ன? முறைப்படி கட்டிவைக்கப்பட்டவர்கள். கணவன் மோட்சத்துக்கு வழி தேடியபோது அதன் விலையைக் கொடுத்தது அவர்கள்.

இதே கேள்வி ஆப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான வீடுகளில் எழுந்தது. 1888 லாம்பெத் மாநாடு, பலதார மணத்தில் வாழ்பவருக்கு ஞானஸ்நானம் கிடையாது, தகுதி வரும்வரை உபதேசத்தில் காத்திருக்கட்டும் என்றது. சரியாக நூறு வருடம் கழித்து 1988-இல் அதே மாநாடு வேறு மாதிரி சொன்னது: அப்படிப்பட்டவருக்கு, விசுவாசிக்கிற மனைவியரோடும் பிள்ளைகளோடும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை இன்னொருத்தியைக் கட்டக்கூடாது, உள்ளூர்ச் சபை சம்மதிக்கவேண்டும், மனைவியர் யாரையும் விலக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது, ஏனென்றால் விலக்கப்படும் பெண் சமூகத்தில் நிர்க்கதியாகிவிடுவாள். இந்தக் கடைசிக் காரணத்தைப் பாருங்கள். ஒருதார மணம்தான் தேவனுடைய திட்டம் என்ற போதனையை அந்தத் தீர்மானம் மாற்றவில்லை, மறுபடியும் உறுதிதான் செய்தது. விதி பலவீனமானவர் தலையில் விழுகிறது என்று கண்ட பிறகு, ஆளை நடத்தும் முறையை மாற்றிக்கொண்டது. அது ஞானஸ்நானத்துக்கும் திடப்படுத்தலுக்குமான தீர்மானம், குருப்பட்டத்துக்கானது அல்ல. ஒரேபாலின உறவும் பலதார மணமும் ஒன்றே என்றும் நான் சொல்லவில்லை. சபைக்கு இப்படி யோசிக்கத் தெரியும், யோசித்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது நம்ம கரையில் சுமை எங்கே விழுகிறது என்று பார்ப்போம். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் படித்த ஒரு பையன், ஊரும் பேரும் வேண்டாம். தனக்குப் பெண்கள்மேல் நாட்டமில்லை என்று பள்ளிக்கூடத்திலேயே தெரிந்துகொண்டவன், படிப்பு முடித்த பிறகுதான் அம்மாவிடம் வாய் திறந்தான். அந்த அம்மா கடலில் பாசி எடுத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர், பயந்துபோய் அவனை ஒரு ஜெபவீட்டுக்குக் கூட்டிப்போனார், துணைக்கு என்னையும் கூப்பிட்டார். தகரக் கொட்டகை, உச்சி வெயில். ஊழியக்காரர் அவன் நெற்றியில் எண்ணெய் தடவி, தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் தள்ளினார். விழுந்தால் அசுத்த ஆவி போய்விட்டது என்று கணக்கு. பையன் விழவில்லை. மறுபடி தள்ளினார், மைக்கில் கத்தினார், அவன் நின்றுகொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனாகவே மண்டியிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான், சுற்றி நின்றவர்கள் அல்லேலூயா போட்டார்கள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என்னிடம், ‘அம்மா காலையிலேருந்து உபவாசம் சார், ரொம்ப நேரமா நிக்கிறாங்க, அதான் உட்கார்ந்துட்டேன்’ என்றான். அவனுக்குள் அசுத்த ஆவி இருந்தது என்று இன்றுவரை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இப்படி மாற்றுகிறோம் என்று செய்யும் முயற்சிகளை மருத்துவத்தின் பெயரில் செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவு போட்டார். அது மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கு. தீர்ப்பு எழுதுவதற்கு முன் தனக்கே இந்த விஷயத்தில் தெளிவு வேண்டும் என்று அந்த நீதிபதி ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். லாம்பெத் தீர்மானத்தில் நம்ம பேராயர்கள் கேட்போம் என்று வாக்குக் கொடுத்து இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது, கேட்டது ஒரு நீதிபதி.

ஜெபம் பலிக்காவிட்டால் அடுத்த மருந்து கல்யாணம். கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று ஊரில் எல்லாருமே சொல்வார்கள். மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு வாசிப்பார்கள், இவ்விருவரும் விவாகம் செய்யத் தடை ஏதும் உண்டானால் தெரியப்படுத்தவேண்டும் என்று. தடை என்ன என்று மாப்பிள்ளைக்குத் தெரியும், அவன் அம்மாவுக்குத் தெரியும், சில நேரம் ஓலை வாசிக்கிற ஐயருக்கே, அதாவது சபை குருவானவருக்கே தெரியும். தெரியாதவள் மூன்றாவது பெஞ்சில் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் மட்டும்தான். நகையும் போட்டு, கடனும் பட்டு, அவளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அப்புறம் குழந்தை இல்லை என்று அவளைத்தான் ஓரியூருக்கும் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோயிலுக்கும் நடக்கவைப்பார்கள். விவாகம் பரிசுத்தம் என்று உண்மையிலேயே நம்புகிற சபை இந்தக் கல்யாணத்தை நிறுத்தியிருக்கவேண்டும். பழைய போதனைக்காரன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன்.

குருப்பட்டத்துக்கு வருவோம். குருவானவருக்கு என்ன தகுதி என்று தீமோத்தேயு முதல் நிருபம் 3-ஆம் அதிகாரம் பட்டியல் தருகிறது: குற்றஞ்சாட்டப்படாதவன், ஒரே மனைவியையுடைய புருஷன், மதுபானப்பிரியன் அல்லாதவன், அடிக்கிறவன் அல்லாதவன், இழிவான ஆதாயத்தை இச்சிக்காதவன், பண ஆசையில்லாதவன். இதில் எத்தனையை நாம் நிஜமாகப் பார்க்கிறோம்? ஒரு குருவின் கீழுள்ள சபைகளின் தொகுதியான சேகரத்தின் கமிட்டியில் ஒரு பையனுக்குச் சிபாரிசுக் கடிதம் வரும்போது முதலில் அவன் யாருடைய ஆள் என்று கேட்பார்கள், அடுத்து எந்தச் சாதி என்று கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தில் தேர்தல் வந்தால் பணம் எப்படிப் புரள்கிறது, எத்தனை வழக்கு கோர்ட்டில் நிற்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கந்துவட்டி விடுகிறவர் திருவிருந்துக்கு முதல் வரிசையில் நிற்கிறார், யாரும் தடுத்ததில்லை. அளவுகோலை எல்லார்மேலும் வைத்தால் நானும் அதற்குக் கீழே நிற்கிறேன். ஒருத்தன் மேல் மட்டும் வைத்தால் அதற்குப் பரிசுத்தம் என்று பேர் வைக்கக்கூடாது.

தன்பாலீர்ப்பு உள்ளவர் பிரம்மச்சாரியாக இருக்கட்டும் என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். நானும் சொல்கிறேன். ஆனால் நம்ம சபையில் பிரம்மச்சாரிக்கு இடம் எங்கே? கத்தோலிக்கர்களுக்குத் துறவற சபைகள் உண்டு, சேர்ந்து சாப்பிட ஒரு மேசை, வயதானால் பார்த்துக்கொள்ள ஒரு வீடு. சிஎஸ்ஐயில் கல்யாணம் ஆகாத ஐயர் வந்தால் சேகரமே சந்தேகமாகப் பார்க்கும், பெண் பார்த்து முடித்துக்கொண்டு வா என்று பட்டத்துக்கு முன்பே நெருக்கும். கல்யாணமே செய்யாத பவுலை நம்ம சேகரத்துக்கு அனுப்பினால் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பாரா என்று தெரியவில்லை. தனியாக வாழச் சொல்லிவிட்டு, தனியாக வாழ்பவனுக்குக் கதவையும் சாத்துவது கொடுமை. சுமப்பதற்கரிய சுமையைக் கட்டி மனுஷர் தோளில் வைக்கிறார்கள், தாங்களோ ஒரு விரலாலும் தொடமாட்டார்கள் என்று மத்தேயு 23-இல் ஆண்டவர் சொன்னது வேதபாரகரைப் பற்றி. அந்த வசனம் இந்த விஷயத்தில் நம்மைப் பற்றித்தான் பேசுகிறது.

ஒரேபாலினத் துணையோடு வாழ்பவர் குருப்பட்டம் கேட்டால்? இன்று நம்ம சபை கொடுக்க முடியாது, கொடுக்கவேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன். குருவானவர் சபையின் போதனையைப் போதிப்பேன் என்று பீடத்துக்கு முன் வாக்குக் கொடுக்கிறார், மனசாட்சிக்கு விரோதமாக அந்த வாக்கை வாங்கி ஒருவரைப் பொய்யராக்கக்கூடாது. ஆனால் அவர் ஞாயிறு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தால், பாட்டுப்புத்தகம் எடுத்துக் கொடுத்து நகர்ந்து இடம் விடுங்கள்.

இங்கேயும் பிளவு வருமா என்று கேட்டீர்கள். சிஎஸ்ஐ இதுவரை ஒரேபாலின உறவை ஆசீர்வதிக்கும் முறைமை எதையும் கொண்டுவரவில்லை, சீக்கிரம் கொண்டுவரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. இங்கிலாந்து செய்தால் நாமும் செய்வோம் என்ற பயம் தேவையில்லை. பெண்களுக்குக் குருப்பட்டம் சிஎஸ்ஐயில் 1976-லேயே வந்துவிட்டது, இங்கிலாந்துத் திருச்சபையில் 1994-இல்தான். 1912-இல் அசரியாவை முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராக்கும்போதும் எதிர்ப்பு இருந்தது, சபை அதைத் தாண்டியது. நம்ம முடிவை நாமே எடுக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் கேள்வி லண்டனிலிருந்து வரப்போவதில்லை, நம்ம வீட்டுக்குள்ளிருந்து வரும். 2018 செப்டம்பர் 6-இல் உச்சநீதிமன்றம், வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின்படி ஒரேபாலின உறவு குற்றம் என்பதை நீக்கிவிட்டது. 2023 அக்டோபரில் ஒரேபாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், திருமணம் இல்லாமலும் இவர்கள் குடும்பமாக வாழலாம் என்றது. படித்துவிட்டுச் சென்னைக்கும் திருப்பூருக்கும் போன நம்ம பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவார்கள், பக்கத்தில் ஒரு சிநேகிதனோ சிநேகிதியோ நிற்கலாம். அன்றைக்கு ஐயரிடம் சபையின் உச்ச மன்றமான சினாடின் தீர்மானம் இருக்காது, அவரிடம் அவர் சுபாவம்தான் இருக்கும்.

அதனால் இப்போதே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். திருமண ஆயத்தப் பேச்சை மாப்பிள்ளையிடமும் பெண்ணிடமும் பெற்றோர் இல்லாமல் தனித்தனியாக நடத்துங்கள், ‘உனக்கு இதில் முழு மனசா’ என்று கேட்டு, இல்லை என்றால் ஓலையை நிறுத்துங்கள், காரணத்தை வெளியே விடாதீர்கள். பிசாசு ஓட்டுகிறேன் என்று பிள்ளைகளைத் தள்ளிவிடும் கூட்டங்களுக்கு அனுப்பாதீர்கள் என்று பெற்றோரிடம் ஐயர் நேராகச் சொல்லவேண்டும். மதுரை அரசரடி இறையியல் கல்லூரிக்குப் போக விரும்பும் ஒரு பையன், தன்னைப் பற்றிய உண்மையைச் சொல்லி, துறவு வாழ்க்கைக்கு ஆயத்தம் என்று வந்தால், மற்றப் பையன்களிடம் கேட்கும் அதே கேள்விகளை அவனிடமும் கேளுங்கள்: ஜெபிக்கிறாயா, கடன் இருக்கிறதா, குடிக்கிறாயா, ஏழை வீட்டுச் சாவுக்கு ராத்திரியில் எழுந்து போவாயா. பதில் திருப்தியாக இருந்தால் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாம், நான் போடுவேன்.

தம்பி, இதை உங்கள் சேகர குருவிடம் காட்டுங்கள். அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றால் எந்த இடத்தில், எந்த வசனத்தை வைத்து என்று கேட்டு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.